தீர்த்தகிரி உலர்ந்த துணியால் துடைத்த கார்

தீர்த்தகிரிக்குப் பயம் வந்தால் முதலில் உள்ளங்கை வேர்க்கும். அடுத்து நாக்கு உலரும். அப்போதும் அடங்காவிட்டால் வயிறு கலங்கிவிடும். ஒன்பது வருடமாகப் பார்த்துவருகிறேன், இந்த வரிசை மாறியதில்லை.

அவருடைய அம்மா குள்ளம்மாளுக்குச் சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண். நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வாரத்தில் மூன்று நாள் காலை பத்து மணிக்குப் போய்க் கட்டு மாற்றிவிட்டு வருவேன். வீடு காரிமங்கலத்துக்கு வெளியே, பைபாஸ் ரோட்டை ஒட்டி இருக்கிறது. வீட்டுக்கு முன்னால் தகரக் கூரை போட்ட ஷெட். அதில்தான் தீர்த்தகிரியும் அவர் மனைவி காசியம்மாளும் கார் கழுவிப் பாலிஷ் போட்டுக் கொடுக்கிறார்கள்.

தீர்த்தகிரிக்கு நாற்பத்தொன்பது வயது. முப்பத்தெட்டு வயது வரை லாரி ஓட்டினார். தொப்பூர் இறக்கத்தில் ஒருநாள் மதியம் பிரேக் பிடிக்காமல் போய், லாரி தடுப்புச் சுவரை உரசிக்கொண்டே இறங்கிப் போய் நின்றது. யாரும் சாகவில்லை. அவருக்கு இடது மணிக்கட்டு மட்டும் உடைந்தது. எலும்பு ஆறு வாரத்தில் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் எந்த வண்டியையும் ரோட்டில் ஓட்டவில்லை. ஷெட்டுக்குள் காரை முன்னே பின்னே நகர்த்துவதோடு சரி. சேலம் போக வேண்டுமென்றால் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

தெரிந்தது வண்டி மட்டும்தான் என்பதால் கழுவும் வேலைக்கு வந்தார். பயந்த ஆள் என்பதால் அந்த வேலையை ஒழுங்காகச் செய்தார். கார் பெயிண்டில் மெல்லிய கீறல்கள் பெரும்பாலும் ரோட்டில் விழுவதில்லை, கழுவும்போதும் துடைக்கும்போதும்தான் விழுகின்றன என்று யாரோ சொல்லிக் கேட்ட நாளிலிருந்து, ஒரு மணல் துகளைக் கண்டாலே அவருக்கு ஆகாது. எங்கள் பக்கம் கல் குவாரித் தூள் காற்றிலேயே இருக்கும். அதனால் முதலில் தண்ணீரை மட்டும் பீய்ச்சி அழுக்கை ஓடவிடுவார். பிறகு இரண்டு வாளிகள். ஒன்றில் ஷாம்பு தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். ஒரு முறை தேய்த்த கையுறையை வெறும் தண்ணீரில் அலசாமல் மறுபடி ஷாம்புவில் முக்கமாட்டார். கூரையில் ஆரம்பித்துக் கீழே வருவார். சக்கரத்துக்குத் தனித் துணி. தரையில் விழுந்த துணி திரும்பக் காரைத் தொடாது. ஈரத்தைத் தேய்க்காமல் துண்டை விரித்து ஒற்றி எடுப்பார். காசியம்மாள் வளையலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கார் பக்கத்தில் போக வேண்டும். நாங்கள் புண்ணைச் சுத்தம் செய்கிற முறைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்குப் பிடித்துப்போனது.

ஷெட் நிற்கும் இடம் அவருடையது அல்ல. மாங்கூழ் ஃபேக்டரி வைத்திருக்கும் மாதவராஜுடையது. பத்து வருடத்துக்கு முன் அவர், "சும்மாதான கெடக்குது, போட்டுக்க," என்று வாயால் சொன்னார். காகிதம் எதுவும் கிடையாது. ஃபேக்டரி வண்டிகள் எல்லாம் இங்கேதான் கழுவ வரும். மாதவராஜ் முகம் சுளித்தால் ஷெட் போய்விடும், பின்னால் இருக்கும் வீடும் போய்விடும், படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்பது தீர்த்தகிரியின் நிரந்தரப் பயம். மற்றப் பயங்களெல்லாம் வந்து போகும். இது மட்டும் போகாது.

போன வைகாசியில் நடந்ததைச் சொல்கிறேன்.

மாதவராஜ் ஒரு கறுப்புக் கார் வாங்கினார். வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. மகளுக்குப் பெங்களூரில் நிச்சயதார்த்தம். அதற்கு முந்தின நாள் காலை எட்டு மணிக்கு டிரைவர் அந்தக் காரைக் கொண்டுவந்து ஷெட்டில் விட்டுவிட்டு, "சாயந்தரம் ஐயா வருவாரு. பளபளன்னு இருக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனார். காரைத் தீர்த்தமலைக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டிருந்தார்கள். போனெட், கதவுகள், கண்ணாடி, கூரை என்று ஒரு இடம் பாக்கியில்லாமல் திருநீறும் சந்தனமும் குங்குமமும். தூவிய அட்சதை சந்தனத்தில் ஒட்டி அப்படியே காய்ந்திருந்தது.

வேறு கோயில் சந்தனமாக இருந்தால் தீர்த்தகிரி மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தண்ணீரைப் பீய்ச்சியிருப்பார். இது தீர்த்தமலை. பிள்ளை இல்லாமல் ஆறு வருடம் இருந்து, அந்த மலைக்கு வேண்டிக்கொண்டுதான் குள்ளம்மாள் இவரைப் பெற்றார். பெயரும் அந்தச் சாமி பெயர். ஷெட்டில் விழும் தண்ணீர் நேராக ரோட்டோரச் சாக்கடைக்குத்தான் போகும்.

குழாயைக் கையில் எடுத்தவரைப் பார்த்து உள்ளே இருந்து குள்ளம்மாள் கத்தினார்.

"டேய், தீர்த்தமலையான் துண்ணூறச் சாக்கடையில வுடாத! குடும்பம் வெளங்காது!"

அவ்வளவுதான். குழாயைக் கீழே வைத்துவிட்டார். காசியம்மாள் சந்தைக்குப் போயிருந்தாள். தடுக்க ஆளில்லை. இருப்பதிலேயே மெத்தென்ற புதுத் துணி ஒன்றை எடுத்து, காய்ந்த காரைக் காய்ந்த துணியால் வட்டம் வட்டமாகத் துடைத்தார். கூரை, போனெட், இரண்டு பக்கக் கதவுகள். ஒன்பது வருடத்தில் யாரையும் செய்யவிடாத காரியத்தை அவரே செய்தார். துணியில் சேர்ந்த திருநீற்றை உதறி, காகிதத்தில் மடித்துச் சாமி மாடத்தில் வைத்தார்.

ஷெட்டின் நிழலில் கார் நன்றாகத்தான் தெரிந்தது. பத்து மணிக்கு நான் வரும்போது, கண்ணாடி துடைக்க வசதியாக இருக்கட்டும் என்று காரை வெயிலுக்கு நகர்த்திக்கொண்டிருந்தார். இறங்கி முன்னால் வந்தார். போனெட்டைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

நானும் போய்ப் பார்த்தேன். கறுப்புப் பெயிண்டில் சூரியன் தெரிந்த இடத்தைச் சுற்றிலும் மெல்லிய கோடுகள், சிலந்தி வலை மாதிரி. தலையை நகர்த்தினால் வலையும் கூடவே நகர்ந்தது. கார் முழுக்க அப்படி.

"சிஸ்டர்," என்றார். உள்ளங்கையை லுங்கியில் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

நிழலில் உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தேன். நூற்று எழுபதுக்கு நூறு. காலையில் மாத்திரை போட்டாரா என்று கேட்டேன். போடவில்லை. போடவைத்தேன். மோர் குடிக்கச் சொன்னேன். டம்ளர் பல்லில் பட்டு டகடகவென்று சத்தம் கேட்டது.

"எடத்த விட்டுப் போவச் சொல்லிடுவாருங்க. பொண்ணு நிச்சயத்துக்குப் போற காரு. அம்மாவ எங்க கொண்டுபோயி வெப்பன்?"

அந்த நேரத்தில் காசியம்மாள் காய்கறிப் பையோடு வந்தாள். காரை ஒரு சுற்றுச் சுற்றினாள். பையை இறக்கி வைத்தாள்.

"ஏன் மாமா, யாரு தொடச்சது?"

"நான்தான்."

"தண்ணி ஊத்தாமயா?"

"தீர்த்தமலையான் துண்ணூறுடி. காலு படற எடத்துல எப்படி வுடறது?"

"கீழ ஒரு குண்டான வெச்சுப் புடிச்சு, தென்ன மரத்தடியில ஊத்துனா ஆச்சு. நாலு குண்டா தண்ணிக்கு வந்த கேடு பாரு."

உள்ளே இருந்து குள்ளம்மாள், "நான்தான் சொன்னன். என்னத் திட்டு," என்றார்.

"உங்களத் திட்டி என்னாவப் போவுது அத்த? காலுக்குக் கட்டுப் போட சிஸ்டர் வராங்க. வாயிக்கு யாரு போடறது?"

நான் உள்ளே போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டு மாற்றினேன். குள்ளம்மாள் அழுதுகொண்டே இருந்தார். அழுதால் புண் ஆறாது, காலை ஆட்டாதீர்கள் என்றேன். வெளியே வந்தபோது தீர்த்தகிரி செல்போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் பச்சியப்பன். தர்மபுரியில் இதே தொழில் செய்பவர், வயதில் சின்னவர்.

"இதுக்குப் போயி அலறிக்கிட்டு இருக்கறீங்களா? கிளேஸ் இருக்குதுல்லண்ணா? தடவி வுடுங்க. கீறலுக்குள்ள போயி ஒக்காந்துக்கும். ரெண்டு வாஷ் வரைக்கும் எவனுக்கும் தெரியாது."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் பெங்களூர்ல எவனோ கண்ட துணியப் போட்டுத் தேச்சுட்டான்னு சொல்லுங்க. போங்கண்ணா."

தீர்த்தகிரி கீறலை நிரப்பி மறைக்கும் அந்தக் கிளேஸ் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறந்தார். சிறிது நேரம் பார்த்துவிட்டு மூடினார்.

"ரெண்டு வாஷ்னா ரெண்டு வாரம்," என்றார். "ரெண்டு வாரமும் இப்படியே இருக்க என்னால ஆவாது சிஸ்டர். செத்துடுவன்."

இதை நேர்மை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அந்த மனிதருக்குப் பொய்யைத் தாங்கும் உடம்பு கிடையாது.

மிஞ்சியது ஒரே வழிதான். கீறலை உண்மையாகவே எடுக்க வேண்டும். கார் பெயிண்டின் மேல் நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது. அதைக் கிளியர் கோட் என்கிறார்கள். காகிதத்தின் தடிமன்கூட இருக்காது. துடைத்து வரும் வலைக் கீறல்கள் அந்தப் பூச்சில்தான் கிடக்கும். பாலிஷ் என்பது கீறலை நிரப்புவது அல்ல, கீறலின் ஆழம் வரைக்கும் சுற்றியுள்ள பூச்சைச் சீராகத் தேய்த்து இறக்குவது. இறக்கியது திரும்ப வராது. அதிகம் தேய்த்தால் நிறமே வந்துவிடும், பிறகு பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை. இதையெல்லாம் அவர் எனக்கு விளக்கவில்லை. தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டேன்.

தண்ணீர் பீய்ச்சி, இரண்டு வாளி வைத்து, முழுக் காரையும் முறைப்படி கழுவினார். இந்த முறை காசியம்மாள் முதல் தண்ணீரைக் குண்டானில் பிடித்தாள். காரை நிழலுக்குக் கொண்டுவந்து, போனெட்டின் ஒரு மூலையில் ஒரு சாண் சதுரத்துக்கு டேப் ஒட்டினார். ஸ்பாஞ்சில் மிக மென்மையான பாலிஷ் நான்கு சொட்டு. அழுத்தாமல் கையால் தேய்த்துத் துடைத்துவிட்டு, காரை வெயிலுக்குத் தள்ளிப் பார்த்தார். அந்தச் சாண் சதுரத்தில் வலை இல்லை.

"போவுது," என்றாள் காசியம்மாள். "போவுது மாமா!"

ஆனால் அந்தச் சதுரத்துக்கே இருபது நிமிடம் ஆகியிருந்தது. மணி பதினொன்றரை. கையால் செய்தால் முழுக் காருக்கு நான்கு நாள் வேண்டும்.

மிஷின் ஒன்று இருந்தது. பச்சியப்பன் கொடுத்தது. ஒரே இடத்தில் சுற்றிப் பெயிண்டைச் சூடாக்காமல், சுற்றிக்கொண்டே ஆடி ஆடி நகரும் வகை. புதிதாகப் பழகுகிறவர்கள்கூடப் பயமில்லாமல் பிடிக்கலாம் என்று சொல்லிக் கொடுத்திருந்தார். இரண்டு வருடமாகப் பெட்டி பிரிக்கப்படவில்லை. காரணம், அதற்கு முன்னால் பழைய மிஷினில் ஒரு வெள்ளைக் காரின் போனெட் ஓரத்தைத் தீர்த்தகிரி அடிவரை தேய்த்துவிட்டார். ஓரங்களில் பூச்சு மெல்லியது. இரண்டு விநாடி அதிகம் நின்றதில் அடியிலிருந்த சாம்பல் நிறம் வெளியே வந்துவிட்டது. மிஷின் ஆசை அன்றோடு சரி.

பெட்டியைக் காசியம்மாள் பிரித்தாள். போனெட் ஓரங்கள், கதவு விளிம்புகள், பெயிண்ட் மடிகிற இடங்கள் எல்லாவற்றிலும் தீர்த்தகிரி டேப் ஒட்டினார். ஒட்டியதன் மேல் இன்னொரு முறை ஒட்டினார். பெல்ட், வாட்ச், மோதிரம் எல்லாம் கழற்றினார். ஒயர் பெயிண்டில் படாமல் காசியம்மாள் அதைத் தோளில் போட்டுப் பிடித்துக்கொண்டாள். மிஷினைப் போனெட்டில் வைத்துப் பொத்தானை அழுத்தினார்.

ஐந்து விநாடிகூட இருக்காது. நிறுத்திவிட்டார். முகம் வெளுத்திருந்தது. மிஷினைக் காசியம்மாள் கையில் கொடுத்துவிட்டு, ஷெட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். குடித்த மோர் முழுவதும் வெளியே வந்தது.

"அதே ஆட்டம்," என்றார். "தொப்பூர்ல ஸ்டியரிங்கு இப்புடித்தான் ஆடிச்சு. கையில அதே ஆட்டம் சிஸ்டர்."

கையைப் பிடித்துப் பார்த்தேன். நாடி நூற்று முப்பது. இதோடு நிறுத்துங்கள் என்று சொல்ல நினைத்தேன். நெஞ்சு வலிக்கிறதா, கை மரத்துப்போகிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். பயம் மட்டும்தான். பயத்துக்கு மருந்து என்னிடம் கிடையாது. கால் மணி நேரம் உட்காரவைத்தேன், மூச்சை மெதுவாக விடவைத்தேன்.

காசியம்மாள் குத்துக்காலிட்டு அவர் முன் உட்கார்ந்தாள்.

"மாமா. அது எறக்கத்துல போற லாரி. இது நிக்கிற காரு. நீ வுட்டாலும் எங்கயும் போவாது. சக்கரத்துக்குக் கல்லு வேணும்னா வெக்கிறன்."

நிஜமாகவே எழுந்துபோய் நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. ஆனால் எழுந்தார்.

இந்த முறை மிஷினின் வேகத்தைக் குறைத்து வைத்தார். ஒரு முழச் சதுரம். குறுக்கே நான்கு முறை, நெடுக்கே நான்கு முறை, நிறுத்து, துடை, விளக்கை அடித்துப் பார், பெயிண்ட் சூடாக இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார். அடுத்த சதுரம். ஒவ்வொரு சதுரத்துக்கும் கை நடுங்கியது. ஆனால் மிஷினை வைக்கும்போது மட்டும் நேராக வைத்தார். இரண்டரை மணிக்குப் போனெட்டும் இரண்டு பக்கக் கதவுகளும் முடிந்தன. நான் மற்ற வீடுகளுக்குப் போன் செய்து, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

டிரைவர் பக்கக் கதவில் ஒரு கோடு நின்றது. இரண்டு அங்குலம் இருக்கும். அட்சதை அரிசி துணிக்குள் சிக்கி இழுத்த கோடு. மற்ற எல்லாம் போன பிறகு அது மட்டும் பளிச்சென்று தெரிந்தது. தீர்த்தகிரி நகத்தை அதன் குறுக்கே மெல்ல ஓட்டினார். நகம் மாட்டியது.

"இத எடுக்க முடியாது," என்றார். "நகம் மாட்டுனா ஆழம். தேச்சா கலர் வந்துடும்."

"கொஞ்சம் தேச்சுப் பாரு," என்றாள் காசியம்மாள்.

"மாட்டன்."

கூரை இன்னும் பாக்கி. மணி மூன்று. அப்போது ரோட்டில் ஒரு பழைய வெள்ளைக் கார் வந்து நின்றது. சாயந்தரம் வர வேண்டிய மாதவராஜ் டிரைவரோடு முன்னாடியே வந்துவிட்டார்.

அறுபது வயது, கனத்த உடம்பு, வெள்ளைச் சட்டை. இறங்கியவுடன், "என்னய்யா தீர்த்தகிரி, எழவு வூட்டு மூஞ்சியா இருக்குது? யாருக்கு என்ன?" என்றார்.

தீர்த்தகிரிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மாதவராஜ் காரைச் சுற்றி வந்தார். போனெட்டில் முகம் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். திருப்தியாகத்தான் இருந்தார். பேசாமல் இருந்திருந்தால் அப்படியே எடுத்துக்கொண்டு போயிருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கூரையை யார் ஏறிப் பார்க்கப் போகிறார்கள்?

"ஐயா," என்றார் தீர்த்தகிரி. "நான் ஒரு தப்புப் பண்ணிட்டன்."

காரை வெயிலுக்கு நகர்த்தி, அவரே ஸ்டூல் போட்டு ஏறச் சொல்லி, கூரையில் வலையைக் காட்டினார். கார் முழுக்க இப்படித்தான் இருந்தது, இவ்வளவு எடுத்திருக்கிறேன், இது பாக்கி என்றார். பிறகு கதவுக்குக் கூட்டிவந்து கோட்டைக் காட்டினார். காலையில் தண்ணீர் ஊற்றாததற்குக் காரணத்தையும் சொன்னார். சொல்லும்போது இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டிருந்தார், நடுக்கம் தெரியக்கூடாதென்று.

மாதவராஜ் கோட்டின் மேல் விரலை வைத்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"மூணு வாரக் காரு."

"ஆமாங்க."

"இத எடு."

"முடியாதுங்க. எடுக்கப் போனா கலர் போயிடும். நான் தொட மாட்டன்."

"தொட மாட்டியா?"

"தொட மாட்டங்க."

காலையிலிருந்து அவர் பேசியதில் நடுங்காத வார்த்தை அது ஒன்றுதான். மாதவராஜ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். டிரைவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். ரோட்டில் நான்கைந்து லாரிகள் போயின.

அந்த மௌனத்தைத் தாங்கமுடியாமல் தீர்த்தகிரியே கேட்டுவிட்டார்.

"எடத்தக் காலி பண்ணணுங்களா?"

"எந்த எடம்?"

"இந்த எடங்க. ஷெட்டு. வூடு."

மாதவராஜ் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தார். சாக்கடை வரை பார்த்தார்.

"அட, இது நம்முளுதுல்ல? மறந்தே போயிட்டன்யா. நல்லா ஞாபகப்படுத்துன."

சொல்லிவிட்டுச் சிரித்தார். டிரைவரும் சிரித்தார். தீர்த்தகிரி கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். அவர் விழுந்தால் தாங்கலாம் என்று நான் இரண்டடி முன்னால் போனேன்.

காசியம்மாள் தோளிலிருந்த ஒயரை இறக்கி வைத்தாள்.

"ஞாபகம் வந்ததோட வந்துச்சு, ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடுங்கண்ணா. வாடகைன்னாலும் சரி, என்னான்னாலும் சரி. இந்த மனுசன் தெனமும் செத்துச் செத்துப் பொழைக்கிறாரு."

"அடி சும்மா இருடி," என்றார் தீர்த்தகிரி.

"பாருய்யா. பயம் மொத்தத்தையும் நீயே எடுத்துக்கிட்ட. அவளுக்கு ஒரு துளி வுடல." மாதவராஜ் பழைய காரின் கதவைத் திறந்தார். "நிச்சயத்துக்கு இதுலயே போறன். நாலு நாள்ல வருவன். கூரைய முடிச்சு வை. அந்தக் கோட்டத் தொடாத."

போய்விட்டார். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அந்த நான்கு நாளும் தீர்த்தகிரி சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு நாளில் கூரை முடிந்தது. மூன்றாம் நாள் பாதுகாப்புக்கு ஒரு மெழுகுப் பூச்சுப் போட்டார். அதன் மேல் ஒரு சுத்தமான போர்வையைப் போர்த்த காசியம்மாள் வந்தபோது கத்திவிட்டார், போர்வைக்கு அடியில் தூசி இருந்தால் அதுவும் கீறும் என்று. இரவும் பகலும் கார் திறந்தே நின்றது. என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அவரு வெளையாட்டுக்குத்தான சொன்னாரு சிஸ்டர்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். தெரியாததைத் தெரியும் என்று நோயாளியிடம்கூட நான் சொல்வதில்லை.

மாதவராஜ் ஐந்தாம் நாள் ஆளனுப்பிக் காரை எடுத்துக்கொண்டார். அடுத்த வாரமும் ஃபேக்டரி வண்டிகள் வழக்கம்போலக் கழுவ வந்தன. இடத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. தீர்த்தகிரியின் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையின் அளவை டாக்டர் கூட்டினார்.

ஆனியில் ஒரு காலை நான் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். ஃபேக்டரியிலிருந்து ஒருவர் நோட்டும் அளவு டேப்பும் கொண்டுவந்தார். ஷெட்டை அளக்கச் சொன்னார்கள் என்றார். தீர்த்தகிரி கையிலிருந்த துணி தரையில் விழுந்தது. எதற்கு அளக்கிறீர்கள் என்று நான்தான் வாசலுக்குப் போய்க் கேட்டேன்.

"எழுதிக் குடுக்கறதுக்குன்னு ஐயா சொன்னாருங்க. எவ்வளவு எடம், எத்தன வருசத்துக்குன்னெல்லாம் எனக்குத் தெரியாது. அளந்துட்டு வான்னாரு."

காசியம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு டேப்பின் ஒரு முனையைப் பிடித்தாள். வந்தவர் மறுமுனையோடு பின்னால் நடந்து, ஷெட்டின் கடைசிக் கம்பத்தில் நின்று நோட்டில் எழுதப் போனார்.

"அங்க இல்லைங்க," என்றார் தீர்த்தகிரி. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. "தண்ணிக் குழா இன்னும் நாலடி தள்ளி இருக்குதுங்க. அதையும் சேத்து அளங்க."

வந்தவர் நான்கடி தள்ளிப் போய் நின்றார்.